தொடக்கப்பள்ளி வகுப்பில் பொருளியல்: பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறைக் கையேடு

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்குப் பொருளியல் நடத்தும்போது ஒரே ஒரு வரிசையை மட்டும் மறக்க வேண்டாம். முதலில் குழந்தை ஒரு முடிவெடுக்க வேண்டும். பிறகு அந்த முடிவைப் பற்றிப் பேச வேண்டும். அதற்குப் பின்னால்தான் அந்தக் கருத்தின் பெயர் வர வேண்டும். பயிற்சிக் காலத்தில் நடத்தும் பொருளியல் வகுப்புகள் பெரும்பாலும் சறுக்குவது, பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அதற்கு உதாரணம் தேடுவதால்தான். குழந்தைகள் வரையறையை அழகாக ஒப்பிப்பார்கள். மறுநாள் வேறொரு சூழலில் அதே கேள்வியைக் கேட்டால் திகைத்து நிற்பார்கள்.

கீழே உள்ள கணக்குகள் எல்லாம் 30 குழந்தைகள், 45 நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொண்டு போடப்பட்டவை. உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது

கையில் ஐந்தாறு பாடவேளைதான் இருக்கும் என்றால் ஐந்து கருத்துகள் போதும்: போதாமை, வாய்ப்புச் செலவு, பரிமாற்றம், பணம், வேலைப் பங்கீடு. ஐந்தாம் வகுப்பாக இருந்து நேரமும் இருந்தால் விலை. வட்டி விகிதம், வரி, பங்குச் சந்தை, நாட்டு வருமானம் ஆகியவற்றைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். அவற்றைக் குழந்தை தானே செய்துபார்க்க வழியில்லை. வெறும் சொல்லாக மட்டுமே மிஞ்சும்.

தொடங்குவதற்கு முந்தைய நாள் ஒரு கேள்வியை எழுதச் சொல்லி வாங்குங்கள்: “கடைக்காரர் ஒரு பொருளைத் தான் வாங்கிய விலைக்கே விற்பாரா, கூட்டி விற்பாரா, குறைத்து விற்பாரா? ஏன்?” உளவியலாளர் கஸ்டவ் யஹோடா 1979இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு இந்த இடத்தில்தான் புகழ்பெற்றது. பெரியவர்களுக்கு வெகு சாதாரணமாகத் தெரியும் லாபம் என்ற விஷயம், தொடக்கப்பள்ளி வயதில் பல குழந்தைகளுக்கு இன்னும் பிடிபட்டிருக்காது. வாங்கிய விலைக்கே விற்பதுதான் நியாயம் என்று நினைப்பார்கள். கடையில் வேலை செய்பவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அவர்களுக்கு எழுந்தே இருக்காது. உங்கள் வகுப்பு எங்கே நிற்கிறது என்பதை அந்த 30 சீட்டுகளும் காட்டிவிடும்.

போதாமை: 6 பேருக்கு 4

ஆறு பேர் கொண்ட ஐந்து குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே மாதிரியான நான்கு பொருள்கள் கொடுங்கள்: வண்ணப் பேனா, ஒட்டுப்படம், புத்தகக் குறி, எதுவானாலும் சரி. “யாருக்குக் கிடைக்க வேண்டும் என்று குழுவே முடிவு செய்யுங்கள், 5 நிமிடம்” என்று சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். நியாயம் சொல்ல உள்ளே போகக் கூடாது.

6 பேருக்கு 4 என்பது யோசித்து வைத்த எண். ஒன்றே ஒன்று கொடுத்தால் அழுகையும் கோபமும் வந்து பாடம் அங்கேயே நின்றுவிடும். ஐந்து கொடுத்தால் யாராவது ஒருவர் பெருந்தன்மையாக “எனக்கு வேண்டாம்” என்று விட்டுக்கொடுப்பார். சிக்கலே இல்லாமல் போய்விடும்.

ஒவ்வொரு குழுவும் கையாண்ட வழியைக் கரும்பலகையில் எழுதுங்கள்: சீட்டுக் குலுக்கல், முதலில் கேட்டவருக்கு, முறை வைத்துப் பயன்படுத்துவது, அதிகம் தேவைப்படுபவருக்கு, வாக்கெடுப்பு. எந்த வழியில் யாருக்கு நன்மை, யாருக்கு நட்டம் என்று கேளுங்கள். எல்லா வழியிலும் யாரோ சிலருக்குக் கிடைக்காது என்பதைக் குழந்தைகளே சொல்லும்வரை காத்திருங்கள். அதுதான் அன்றைய பாடம். வகுப்பு முடிந்ததும் மீதிப் பேருக்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள். அடுத்த நாள் உங்களை நம்பி விளையாட வேண்டியவர்கள் அவர்கள்.

‘குறைவாக இருப்பதெல்லாம் போதாமை’ என்று குழந்தைகள் குழப்பிக்கொள்வது வழக்கம். உடைந்த பென்சில் வகுப்பில் ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் யாருக்கும் வேண்டாம். அதில் போதாமை இல்லை. விளையாட்டு நேரம் தினமும் இருக்கிறது, ஆனாலும் யாருக்கும் போதவில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பேசினால் தெளிவாகிவிடும்.

வாய்ப்புச் செலவு: இரண்டாவது விருப்பம் மட்டும்

இதற்கு 20 நிமிடம் போதும். நாளைக்கு ஒரு மணி நேரம் உன் இஷ்டம் என்றால் என்ன செய்வாய் என்று நான்கு ஆசைகளை எழுதச் சொல்லுங்கள். விருப்ப வரிசைப்படி 1 முதல் 4 வரை எண் போடட்டும். 1ஐச் சுற்றி வட்டம், 2இன் மேல் ஒரு கோடு. அந்தக் கோடு விழுந்த ஒன்றுதான் அவரவர் கொடுத்த விலை, அதாவது வாய்ப்புச் செலவு.

இங்கே கிட்டத்தட்ட எல்லா வகுப்பிலும் வரும் தவறு, விட்டுப்போன மூன்றையும் சேர்த்துச் செலவாகக் கணக்கிடுவது. “தவறு” என்று சொல்லி நகராதீர்கள். “முதலாவது நடக்காமல் போயிருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் மூன்றையும் செய்திருக்க முடியுமா?” என்று கேளுங்கள். ஒன்றைத்தான் செய்திருக்க முடியும். ஆகவே இழந்ததும் ஒன்றுதான்.

பிறகு ஒரே முதல் விருப்பத்தை எழுதிய இருவரை எழுப்பி இரண்டாவதைப் படிக்கச் சொல்லுங்கள். இருவரும் படம் வரைவதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஒருவர் இழந்தது பந்து விளையாட்டு, மற்றவர் இழந்தது தூக்கம். ஒரே தேர்வுக்கு ஆளுக்கு ஆள் வேறு செலவு என்பது அப்போது விளக்காமலே புரியும். இலவசமாகக் கிடைப்பதற்கும் வரிசையில் நிற்கும் நேரம் ஒரு செலவு என்பதைச் சேர்த்துவிட்டால் ஐந்தாம் வகுப்புக்கு அன்று நல்ல தீனி.

பரிமாற்றம்: பை விளையாட்டு

ஒரே ஒரு பாடம்தான் நடத்த வாய்ப்பு என்றால் இதையே எடுங்கள். ஒரு புதுப் பொருளும் உள்ளே வராமல் வகுப்பின் மொத்த மகிழ்ச்சி கூடுவதைக் குழந்தைகள் எண்ணாகவே பார்க்கும் பாடம் இது.

தேவை: 30 காகிதப் பைகள், ஆறு வகைப் பொருள்கள், வகைக்கு ஐந்து. பென்சில், அழிப்பான், ஒட்டுப்படத் தாள், புத்தகக் குறி, சின்னக் குறிப்பேடு, மணிக் கயிறு என்று ஏறக்குறைய ஒரே மதிப்புள்ளவையாக இருக்கட்டும். ஒன்று மட்டும் தூக்கலாக இருந்தால் எல்லாரும் அதையே சூழ்ந்துகொள்வார்கள், மற்ற 25 பேருக்குள் பரிமாற்றமே நடக்காது. எல்லாம் ஒரே வகையாக இருந்தால் மாற்றிக்கொள்ளக் காரணமே இருக்காது. பெயருக்கு ஒரு மட்டமான பொருளைப் போடுவதும் வேண்டாம். அது யார் கையில் போகிறதோ அந்தக் குழந்தை அவமானமாக எடுத்துக்கொள்ளும்.

செய்முறை:

1. பைகளைக் கலந்து கொடுங்கள். பிரித்துப் பார்த்து, கிடைத்த பொருளுக்கு 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண்ணைத் தன் சீட்டில் ரகசியமாக எழுத வேண்டும். (6 நிமிடம்)
2. ஐந்து பேர் கொண்ட குழுவுக்குள் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவது கட்டாயமில்லை. “வேண்டாம்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் அத்தோடு சரி, கெஞ்சக் கூடாது. (4 நிமிடம்)
3. இப்போது கையில் இருப்பதற்கு மறுபடி மதிப்பெண். குழுவின் கூட்டுத்தொகை கரும்பலகைக்கு. (5 நிமிடம்)
4. இனி வகுப்பு முழுவதும் யாரோடும் மாற்றலாம். (6 நிமிடம்)
5. மூன்றாவது மதிப்பெண், மூன்றாவது கூட்டுத்தொகை. (5 நிமிடம்)
6. பேச்சு. (15 நிமிடம், இதில் ஒரு நிமிடம்கூடக் குறைக்க வேண்டாம்)

ஒரு குழுவின் பலகைக் கணக்கு இப்படி இருக்கலாம். முதலில் 3, 8, 2, 5, 6, கூட்டினால் 24. குழுவுக்குள் மாற்றிய பிறகு 6, 8, 5, 5, 6, மொத்தம் 30. வகுப்பு முழுக்க மாற்றிய பிறகு 9, 8, 7, 5, 8, மொத்தம் 37. நான்காவது குழந்தையைப் பாருங்கள்: எதையும் மாற்றவில்லை, 5 அப்படியே நிற்கிறது. அடுத்தவர்கள் லாபம் அடைந்ததால் அவருக்கு எதுவும் குறையவில்லை. இரண்டாவது குழந்தையும் மாற்றவில்லை, ஆனால் காரணம் வேறு, கிடைத்ததே பிடித்துவிட்டது. இந்த இருவரிடமும் ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் வகுப்புக்குக் கிடைப்பது இரண்டு தனிப் பாடங்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: “பைகளில் இருந்த பொருள்கள் அதே 30தான். இந்தக் கூடுதல் எண் எங்கிருந்து வந்தது?” உடனே பதில் வராது. வராதது நல்லது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்றும், மூன்று நொடிக்கு மேல் பொறுத்தால் பதில்கள் நீளமாகவும் யோசித்தும் வருகின்றன என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் வகுப்பறை ஆய்வுகள் காட்டின. பயிற்சி ஆசிரியருக்கு அந்த மௌனம் பயமாக இருக்கும். வழிகாட்டி ஆசிரியர் பின்னால் உட்கார்ந்திருந்தால் இன்னும் அதிகம். மனதுக்குள் ஐந்துவரை எண்ணிக்கொண்டு நில்லுங்கள்.

இரண்டாவது கேள்வி: “மாற்றியவர்களில் யார் ஏமாந்தார்கள்?” ஒருவருக்கு லாபம் என்றால் மற்றவருக்கு நட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் குழந்தைகளிடம் ஆழமாக வேரூன்றியிருக்கும். இருவர் சீட்டிலும் எண் ஏறியிருப்பதைக் காட்டுவதைத் தவிர வேறெந்த விளக்கமும் அதை அசைக்காது. யாராவது ஒருவர் சீட்டில் எண் இறங்கியிருந்தால் மறைக்க வேண்டாம். பெரும்பாலும் நண்பன் வற்புறுத்தியிருப்பான், அல்லது வாங்கிய பிறகு பொருள் பிடிக்காமல் போயிருக்கும். விருப்பத்தோடும் விவரம் தெரிந்தும் மாற்றினால்தான் இருவருக்கும் லாபம் என்பதை அந்தச் சீட்டே சொல்லித் தருகிறது.

சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, கூட்டுத்தொகை என்றதும் போட்டி என்று நினைத்துக் குழுவே 10, 10 என்று எழுதிவிடும்; சீட்டு ரகசியம், பரிசு கிடையாது என்பதைத் தொடக்கத்திலேயே இரண்டு முறை சொல்லுங்கள். இரண்டு, எதிர்பார்த்த அளவு பரிமாற்றம் நடக்காது. கையில் வந்த பொருளை மனிதர்கள் கூடுதலாக மதிப்பிடுவது வழக்கம். ஆய்வாளர்கள் கானமன், நெட்ச், தேலர் ஆகியோர் காபிக் கோப்பைகளைக் கொடுத்துச் செய்து 1990இல் வெளியிட்ட சோதனை பெரியவர்களிடமே இதைக் காட்டியது. அதனால் பொருளைக் கையில் கொடுத்த பிறகு வேறு அறிவிப்புகளுக்கு நேரம் கடத்தாதீர்கள். விதிகளை முழுக்கச் சொல்லி முடித்தபின் பையைக் கொடுங்கள். பெயர் எழுதிவைக்க விடாதீர்கள்.

பணம்: ஆறு அட்டைகள், ஒரு டோக்கன்

ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை. மேலே ‘என்னிடம் இருப்பது’, கீழே ‘எனக்கு வேண்டியது’. ஆறு பேருக்கு ஒரு சங்கிலி அமையுங்கள்: பென்சில் வைத்திருப்பவருக்கு அழிப்பான் வேண்டும், அழிப்பான் வைத்திருப்பவருக்குப் பந்து, பந்துக்காரருக்குக் குறிப்பேடு, குறிப்பேட்டுக்காரருக்குக் கத்தரி, கத்தரிக்காரருக்குப் பசை, பசைக்காரருக்குப் பென்சில். இந்த அமைப்பில் எந்த இருவரும் நேரடியாக மாற்றிக்கொள்ள முடியாது. பொருள்களின் பெயர் எழுதிய துண்டுத் தாள்களே போதும், நிஜப் பொருள் வேண்டியதில்லை.

4 நிமிடம் தேட விடுங்கள். வகுப்பு இரைச்சலாகும், யாருக்கும் கிடைக்காது. ஒருவர் விரும்புவதை வைத்திருப்பவர், அவர் வைத்திருப்பதையே விரும்ப வேண்டியிருக்கிறது. பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1875இல் எடுத்துச் சொன்ன இடையூறு இதுதான். பிறகு ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவருக்கு ஒரே ஒரு டோக்கன் கொடுத்து, எந்தப் பொருளும் ஒரு டோக்கன் என்று அறிவியுங்கள். பென்சில்காரர் டோக்கனைக் கொடுத்து அழிப்பானை வாங்குவார். அழிப்பான்காரர் அதே டோக்கனால் பந்தை வாங்குவார். இப்படியே சுற்றி, பசைக்காரர் பென்சிலை வாங்கும்போது டோக்கன் புறப்பட்ட கைக்கே திரும்பும். ஆறு பேருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது, டோக்கனும் தீரவில்லை. அந்த நொடியில் குழந்தைகள் முகத்தைப் பார்ப்பதற்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம்.

முதல் சுற்றிலேயே ஒரு சுட்டிக் குழந்தை தனக்கு வேண்டாத பொருளை வாங்கி, அதை வேறொருவரிடம் கொடுத்துத் தனக்கு வேண்டியதைப் பெறும். விளையாட்டு கெட்டுவிட்டதே என்று தடுக்காதீர்கள். பின்னால் மாற்றலாம் என்ற நம்பிக்கையில் ஒன்றை வாங்கிக்கொள்வதுதான் பணத்தின் வேர். அந்தக் குழந்தையை வகுப்புக்கே விளக்கச் சொல்லுங்கள்.

அன்று 29 பேர் வந்திருந்தால் ஒரு சங்கிலி அறுந்துவிடும். விடுபட்ட அட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 31 பேர் என்றால் இருவருக்குச் சேர்த்து ஓர் அட்டை.

பணம் கூடினால் பொருள் கூடாது என்பதைக் காட்ட 10 நிமிட ஏலம் ஒன்று போதும். ஐந்து குழுக்களுக்கும் குழுவுக்கு 10 டோக்கன். ஒரே மாதிரியான மூன்று பொருள்களை ஏலம் விட்டு விலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். டோக்கன்களைத் திரும்ப வாங்கிவிட்டு, குழுவுக்கு 30 கொடுத்து, அதே வகைப் பொருள் மூன்றை மறுபடி ஏலம் விடுங்கள். விலை ஏறும். சுற்று முடிந்ததும் மீதி டோக்கன் செல்லாது என்று முன்பே சொல்ல மறக்க வேண்டாம்; இல்லாவிட்டால் புத்திசாலிக் குழு சேமித்துவைக்கும், கணக்கு மங்கலாகிவிடும்.

விலை: ஐந்தாம் வகுப்புக்கு மட்டும்

பொருளியலாளர் எட்வர்ட் சேம்பர்லின் 1948இல் தன் மாணவர்களை வைத்துச் செய்த சந்தைச் சோதனையை வெர்னான் ஸ்மித் வளர்த்தெடுத்து, சோதனைமுறைப் பொருளியலுக்காக 2002இல் நோபல் பரிசு பெற்றார். அதன் எளிய வடிவம் ஐந்தாம் வகுப்புக்கும் பொருந்தும்.

10 வாங்குபவர், 10 விற்பவர், 10 பதிவாளர். வாங்குபவர் அட்டைகளில் 3 முதல் 12 வரை ஆளுக்கு ஓர் எண். “இதற்கு மேல் கொடுக்காதே” என்ற வரியோடு. விற்பவர் அட்டைகளிலும் 3 முதல் 12 வரை. “இதற்குக் கீழே விற்காதே”. ஒரு பொருள், ஒரு பேரம், சுற்றுக்கு 4 நிமிடம். முடிந்த விலையைப் பதிவாளர் உரக்கச் சொல்லிக் கரும்பலகையில் எழுத வேண்டும். முதல் சுற்றில் விலைகள் தாறுமாறாக இருக்கும்; மூன்றாவது, நான்காவது சுற்றில் 7, 8 பக்கம் நெருங்கிவரும். யாரும் அந்த விலையை அறிவிக்கவில்லை என்பதைக் குழந்தைகள் கவனிக்கும்படி செய்யுங்கள்.

அட்டையில் வெறும் எண்ணை எழுதிவிட்டால் அதுவே விலை என்று நினைத்து அதையே கொடுத்துவிடுவார்கள். அந்த வரி இல்லாமல் அட்டை கொடுக்கக் கூடாது. 3 என்ற அட்டை பெற்ற வாங்குபவருக்கும் 12 பெற்ற விற்பவருக்கும் பேரம் படிவது அரிது. அது அவர்கள் குற்றமல்ல, அட்டையின் அமைப்பு என்று முன்கூட்டியே சொல்லி, சுற்றுக்குச் சுற்று அட்டைகளைக் கலைத்துப் போடுங்கள்.

வேலைப் பங்கீடு

காகித உறை செய்யும் வேலை: கோடு போடுவது, வெட்டுவது, மடிப்பது, ஒட்டுவது, முத்திரை வரைவது. குழுவுக்கு ஐந்து பேர். ஐந்து பேரும் தனித்தனியே முழு உறை செய்ய 8 நிமிடம். ஆளுக்கு ஒரு வேலையாக வரிசையில் செய்ய 8 நிமிடம். எந்த உறை தேறும் என்பதற்கு ஒரு மாதிரியை மேசைமேல் வைத்துவிடுங்கள். ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய குண்டூசிப் பட்டறையில், பத்துப் பேர் வேலையைப் பிரித்துச் செய்து நாளொன்றுக்கு 48,000 ஊசிகள் செய்தார்கள் என்பதைச் சொன்னால் குழந்தைகள் மறக்கமாட்டார்கள்.

இரண்டாவது சுற்றில் உறை கூடுவதற்குக் கை பழகியதும் காரணமாக இருக்கலாம். ஆகவே பாதிக் குழுக்களுக்கு வரிசை முறையை முதலிலும் தனி முறையைப் பின்னரும் கொடுங்கள். வெட்டுபவரிடம் தாள் குவிந்து, ஒட்டுபவர் சும்மா உட்கார்ந்திருப்பது கண்டிப்பாக நடக்கும். அதைச் சரிசெய்துவிடாதீர்கள். “எங்கே தேங்குகிறது? யாரை அங்கே அனுப்பலாம்?” என்று குழுவிடமே விடுங்கள்.

டோக்கனை எங்கே நிறுத்துவது

டோக்கன் நன்றாக வேலை செய்வதைப் பார்த்ததும், வீட்டுப்பாடம் எழுதாதவருக்கு அபராதம், அமைதியாக இருந்தால் சம்பளம் என்று நீட்டத் தோன்றும். வேண்டாம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளைகளைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்கு அபராதம் போட்டதும் தாமதம் கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் குறையவில்லை. பொருளியலாளர்கள் நீசியும் ரஸ்டிசினியும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இது. கடமையாக இருந்தது காசு கொடுத்து வாங்கும் வசதியாக மாறிவிடுகிறது.

சேமிப்பு பற்றிப் பேசும்போது “இன்று ஒன்று, காத்திருந்தால் நாளை இரண்டு” என்று டோக்கன் தருவதாகச் சொன்னால், நாளை இரண்டைக் கட்டாயம் கொடுங்கள். பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய இடத்தில் குழந்தைகள் வெகுநேரம் பொறுத்தார்கள், ஏமாற்றிய இடத்தில் பொறுக்கவில்லை என்று 2013இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பொறுக்காத குழந்தையைப் பார்த்துக் கட்டுப்பாடு இல்லாதவன் என்று முத்திரை குத்த ஆசிரியருக்கு எந்த உரிமையும் இல்லை.

வீட்டு வருமானம், பெற்றோர் சம்பளம், கைச்செலவுப் பணம் ஆகியவற்றைக் கேட்கும் எந்தக் கேள்வியும் வகுப்பில் வேண்டாம். “வீட்டில் என்ன வாங்கினீர்கள், எழுதி வா” என்ற சாதாரண வீட்டுப்பாடம்கூட, வாங்க முடியாத வீட்டுக் குழந்தையைப் பொய் எழுத வைக்கும். உதாரணங்கள் எல்லாம் வகுப்பறைக்குள்ளேயே கிடைக்கும்: நேரம், இடம், பந்து, நூலகப் புத்தகம்.

முன் தயாரிப்பும் சோதனையும்

ஒவ்வொரு விளையாட்டையும் உடன் பயிலும் ஐந்தாறு பேரை வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விதியில் இருக்கும் ஓட்டை அப்போதுதான் தெரியும். விதி நான்கு வரிக்குமேல் போனால் சுருக்குங்கள். பாடக்குறிப்பில் விளையாட்டின் நோக்கத்தையும் பேச்சில் கேட்கப்போகும் மூன்று கேள்விகளையும் முழு வாக்கியமாக எழுதிவையுங்கள். இரைச்சல் இருக்கும் என்று வழிகாட்டி ஆசிரியரிடமும் பக்கத்து வகுப்பிலும் முன்பே சொல்லிவிடுங்கள். எல்லாரையும் நிறுத்த ஒரு சைகையும் பழக்கியிருக்க வேண்டும்.

கடைசி 4 நிமிடத்தில் ஒரு சீட்டு, ஒரே கேள்வி, விளையாட்டில் வராத சூழலில் இருந்து. பை விளையாட்டுக்குப் பிறகு: “இருவர் நூலகப் புத்தகங்களை மாற்றிக்கொண்டார்கள். யாருக்கு லாபம்? எப்படித் தெரியும்?” “இருவருக்கும், ஏனென்றால் இருவரும் தாங்களாகவே மாற்றினார்கள்” என்ற பொருளில் வந்தால் புரிந்துவிட்டது. “பெரிய புத்தகம் கிடைத்தவருக்கு” என்று எழுதியவர், மதிப்பு பொருளுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறார். “இருவருக்கும்” என்று மட்டும் எழுதிக் காரணம் சொல்லாதவர், ஆசிரியர் விரும்பும் பதிலைக் கண்டுபிடித்திருக்கிறார், அவ்வளவே. சீட்டுகளை இந்த மூன்று குவியலாகப் பிரிக்கப் பத்து நிமிடம் போதும். இரண்டாவது குவியல் பத்தைத் தாண்டினால் அடுத்த பாடத்துக்குப் போகாமல், ஒரே பொருளுக்கு 2 போட்டவரையும் 9 போட்டவரையும் எதிரெதிரே நிற்கவைத்து, ஏன் அந்த எண் என்று இருவரையும் சொல்லச் சொல்லி மறுநாளைத் தொடங்குங்கள்.